ஒன் நோ டிரம்ப்புக்குப் பதில்

மேற்குத் தாம்பரம்
13-7-1992

அன்புள்ள சுந்தரிக்கு,

நான் வராத உன் கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம். வேறெதுவும் நினைக்காதே, சீட்டாட்ட விஷயம்தான்.

நேற்று கிளப்பில் பிரிட்ஜ் போட்டி. என் ஜோடி சாம்பசிவனுக்குக் காய்ச்சல். குரோம்பேட்டையிலிருந்து ஆட்டம் பார்க்க வந்திருந்த உன் வீட்டுக்காரரை என் எதிரே உட்கார வைத்துவிட்டார்கள். அவருக்கு பிரிட்ஜ் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"நான் ஒன் நோ டிரம்ப்னு ஏலத்தை ஆரம்பிச்சா, உங்க பதில் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். ஒன் நோ டிரம்ப் என்றால், துருப்பு இல்லாமல் ஏழு பிடி எடுப்பேன் என்று ஏலம் கேட்பது.

"டிரான்ஸ்ஃபர் ஆடலாம் சார். என்கிட்ட ஹார்ட் அஞ்சு இருந்தா டயமண்ட்னு சொல்வேன். நீங்க ஹார்ட்னு சொல்லிடணும். அப்ப ஆடறது நீங்க, கையை விரிச்சு வைக்கிறது நான்; உங்க பெரிய சீட்டெல்லாம் மறைஞ்சே இருக்கும்."

கையில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைச் சொல்வதா என்று அதைப் பல வருடமாக ஒதுக்கியவன் நான். நேற்று சரி என்றேன்.

கடைசி ஆட்டத்தில் நான் ஒன் நோ டிரம்ப் சொன்னேன். அவர் "டூ டயமண்ட்ஸ்" என்றார். பேசியபடி நான் ஹார்ட் சொன்னேன். அவர் தயங்காமல் நாலு ஹார்ட்டுக்கு ஏற்றினார். வேண்டிய பத்துப் பிடியையும் எடுத்துவிட்டேன். கோப்பை எங்களுக்குத்தான்.

கோப்பையைக் கொடுக்கும்போது செக்ரட்டரி, "இவர் யாரு சார், புதுசா?" என்றார்.

"என் மாப்பிள்ளை" என்றேன். ஹாலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

இப்படிக்கு,
அப்பா