அண்ணனைக் காப்பாற்றியது சுடுமணல் இல்லை

அண்ணி,

பக்கத்து வீட்டில் யாருக்கோ தோள் பிடித்துக்கொண்டதாம். இரும்புச் சட்டியில் மணல் வறுக்கிறார்கள். அந்தச் சூட்டு வாடை வந்ததுமே எனக்கு எரிச்சல் மூண்டுவிட்டது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எழுபதுகளின் கடைசி. மனம் கலங்கிய அண்ணனுக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மாத்திரையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த சில நாளில் அவர் உடம்பு கட்டையாக விறைத்தது. கை மடங்கவில்லை, வாய் திறக்கவில்லை. அனலாய்க் காய்ச்சல், பாயெல்லாம் வியர்வை. ஏரித் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக் குளிரில் விறைத்து வருகிறவர்களுக்கு நம் குப்பத்தில் என்ன செய்வார்களோ, நைனா அதையே செய்தார். கம்பளியைப் போர்த்தி, சுட்ட மணலைத் துணியில் முடிந்து கைகால் முழுக்க ஒத்தடம் கொடுத்தார். ஏற்கெனவே எரிகிற உடம்புக்கு இன்னும் சூடு! பேச்சு நின்றது நோய் முற்றியதால்தான் என்று, அம்மா வேறு இன்னொரு மாத்திரையைக் கரைத்துக்கொண்டு வந்தாள்.

நீங்கள் அந்த டம்ளரைப் பிடுங்கிக் கொட்டினீர்கள். கம்பளியை உருவி எறிந்தீர்கள். மாமனார் முன்னால் குரல் உயர்த்தியே அறியாத நீங்கள், அன்று அவரை நேராகப் பார்த்துச் சொன்னீர்கள்.

“இது அந்த நோவு இல்ல மாமா. மாத்திர துன்ன ஆரம்பிச்சப்புறந்தான் இப்டி ஆச்சு. படகு எடுக்கச் சொல்லுங்க.”

யாரும் நகரவில்லை. நேற்று வந்தவளுக்கு என்ன தெரியும் என்று ஒருவர் முணுமுணுத்தார். கடைசியில் நீங்களும் நானுமே அண்ணனைத் தூக்கிக் கிடத்திப் படகைத் தள்ளினோம். பழவேற்காட்டில் பஸ் பிடித்துப் பொன்னேரி போனால், அங்கிருந்த டாக்டர் குளிர் காய்ச்சல் என்றார். நீங்கள் மாத்திரைப் பொட்டலத்தை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றீர்கள். அவர் சலித்துக்கொண்டே பட்டணத்துக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு டாக்டரம்மா அண்ணனின் கையை மடக்கிப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். அந்த மருந்தே உடம்புக்கு ஆகாமல் இப்படிச் செய்துவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் உயிர் போயிருக்கும் என்றார். உடனே மருந்தை நிறுத்திப் படுக்கையில் சேர்த்து, ஈரத்துணி போட்டுச் சூட்டைத் தணித்தார்கள். இப்படியும் ஆகலாம் என்று முதலிலேயே ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இன்றும் அது என் நெஞ்சில் எரிகிறது.

ஊர் திரும்பினால் வேறு கதை. மணல் ஒத்தடத்தில்தான் விறைப்பு விட்டது என்று நைனா எல்லோரிடமும் சொன்னார். உங்கள் சாவுக்கு வந்தவர்களிடமும் அதையே சொன்னார், அண்ணி! மருந்தே விஷம், இனி தொடாதே என்று மற்றவர்கள் ஓதினார்கள். நீங்கள் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டரம்மா யோசித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கிய வேறு மருந்துக்காக, மாதம் தவறாமல் அண்ணனை அழைத்துப் போனீர்கள்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று டாக்டரம்மா உங்களைக் கேட்டது நினைவிருக்கிறது.

“நோவு முத்துனா என்னத்தான் வைவாரும்மா. அன்னிக்கி வையல. அதான் பயந்துட்டன்.”

இப்போது அண்ணனுக்குச் சோறு போடுவது நான். குழம்பில் உப்பில்லை என்று இன்று காலைகூட என்னைத் திட்டித் தீர்த்தார். எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் அவர் ஒரு வேளை திட்டாமல் சாப்பிட்டுவிட்டால், பக்கத்தில் போய் நெற்றியைத் தொட்டு, கையை மடக்கிப் பார்க்கிறேன்.