பேசினதா ஏசினதா

இன்று காலை ஒரு மாணவி தன் களப்பயிற்சிப் படிவங்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மேலே இருந்த தாளை எடுத்ததுமே விறகுப் புகை மணத்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து அடுப்படியில் குந்தியிருந்து எழுதிய தாள் அந்த மணத்தோடுதான் கண்டிக்கு இறங்கி வரும். அதை மூக்கில் வைத்து மறுபடி மறுபடி முகர்ந்தேன். யாராவது பார்த்திருந்தால் மிஸ்ஸுக்கு மண்டை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நீ போய் ஒரு வருஷமாகப் போகிறது. உனக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்த்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

கெம்பஸில் மூன்றாம் வருஷம் நம் இருவரையும் ஒரே பயிற்சிக்குப் போட்டார்கள். நான் அக்குறணைப் புடவைக்கடைக்காரர் மகள், நீ யாழ்ப்பாணம். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். ஆறு வாரம். கண்டியில் ஒரு சமூக சேவை நிலையம் நம்மை அனுப்பியது.

பஸ்ஸில் ஏறினால் நீ வாயை மூட மாட்டாய். நான் உம்மாவோடு ஃபோனில் பேசி முடித்ததும் பிடித்துக்கொள்வாய். "ஈக்கி எண்டா இருக்கு எண்டுதானே? அப்ப அந்த 'ரு' எங்கயடி போனது?"

"வாப்பா முழுங்கிட்டாரு. போய்க் கேளு" என்பேன்.

அதையும் சிரித்துக்கொண்டே கொப்பியில் எழுதுவாய். தோட்டத்தில் முதல் நாள் ஒரு பெண் "பெரட்டுக்குப் போறேன், அப்புறமா வாங்க" என்றதும், "என்ன கறி பிரட்டப் போறீங்கள்?" என்று கேட்டாயே! அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடுகிற இடத்துக்குத்தான் அங்கே பெரட்டு என்று பெயர். உனக்கு வெட்கமே வரவில்லை. "அப்பிடியெண்டா என்ன?" என்று கேட்பதற்கு நீ ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. எனக்கு அது ஆச்சரியமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இரண்டாம் வாரம்தான் அந்த வீட்டுக்குப் போனோம். பதினைந்து வயதுப் பிள்ளை, சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க வேண்டிய வருஷம், ஒரு மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. பிள்ளை உள்ளே நின்றது. தாய் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து சொன்னார்: "டீச்சரு புள்ளைய தனியா கூப்பிட்டுப் பேசுனாங்க. அன்னையிலருந்து போக மாட்டேங்குது. கேட்டாலும் வாயத் தொறக்காது."

இந்த ஒரு தடவைதான் நீ அப்பிடியெண்டா என்ன என்று கேட்கவில்லை. தெரிந்த சொல்லாயிற்றே, எதற்குக் கேட்பாய்? உங்கள் ஊரில் நல்லபடியாகச் சொன்னால் கதைப்பது. பேசினால் அது ஏச்சு. தோட்டத்தில் பேசுவது என்றால் வெறும் பேசுவதுதான். நீ உன் அழகான கையெழுத்தில் எழுதினாய்: 'ஆசிரியை தனியே அழைத்து ஏசியதால் மாணவி இடைவிலகினார்.' கீழே இருவரும் கையெழுத்து வைத்தோம்.

அறிக்கை மேலே போயிற்று. இரண்டு வாரம் கழித்து நாம் திரும்பப் போனபோது கல்வி அலுவலகத்தில் டீச்சரைக் கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள். விசாரணை முடியும்வரை அந்தப் பிள்ளையோடு ஒரு வார்த்தையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவரிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். டீச்சரும் அதே தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவர். நம்மைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

தாய்தான் நம்மைப் பிடித்து உலுக்கினார். "ஏன்மா இப்புடிச் செஞ்சீங்க? அது தங்கமான டீச்சரு. பேசத்தானே செஞ்சாங்க, திட்டுனாங்கன்னா நான் சொன்னேன்?"

நீ விழித்தாய். "பேசினவ எண்டுதானே அம்மா சொன்னனீங்கள்?"

"ஆமா, பேசுனாங்க. இப்ப நீங்க பேசுறீங்கள்ல, அது மாதிரி."

உனக்கு அப்போதுதான் விளங்கிற்று. நேரே உள்ளே போய், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "டீச்சர் உங்களிட்ட என்ன சொன்னவ?" என்று கேட்டாய். அதுவரை அவளிடம் யாருமே அதைக் கேட்கவில்லை, நாமும்தான்.

"பெர்த் சர்டிபிகேட்டு கொண்டாரச் சொன்னாங்க, பரீட்சைக்கு. மத்தப் புள்ளைங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு தனியா சொன்னாங்க. எனக்கு அது இல்லக்கா. பதியவே இல்லையாம். கேட்டா அம்மா அழும்."

இவ்வளவுதான் விஷயம். அவளைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் டீச்சர். அவர் வாயை நாம் கட்டிவிட்டோம். விண்ணப்பம் முடிய நான்கு நாள் இருந்தது.

அந்த நான்கு நாளும் நீ ஓடிய ஓட்டம் எனக்கு மறக்காது. தோட்டத்து மிட்வைஃப் மிஸ்ஸின் பழைய புத்தகம், கிராம சேவகர், பதிவாளர் கந்தோர் என்று ஓடினாய். உன் ஓட்டைச் சிங்களத்தைக் கேட்டுக் கந்தோர் உத்தியோகத்தர்கள் சிரித்தார்கள், நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். பதிவு கிடைத்தது. ஆனால் பத்து நாள் பிந்திக் கிடைத்தது. அந்த வருஷம் அவள் பரீட்சை எழுதவில்லை, அடுத்த வருஷம்தான் எழுதினாள். அவளோடு படித்தவர்கள் எல்லாம் ஒரு வகுப்பு மேலே போனார்கள்.

டீச்சரிடம் போய், "எழுதினது நான்தான், என்ர பிழை" என்றாய். அவர் உன்னை ஏறிட்டுப் பார்த்து, "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்று மட்டும் சொன்னார். கெம்பஸில் விரிவுரையாளர் அறிக்கையைத் தூக்கிக் காட்டி, இரண்டு கையெழுத்து இருக்கிறதே என்றார். நீ யோசிக்கவேயில்லை. "அவள் வாசிக்கேல்லை சேர். நான் நீட்டின இடத்தில கையெழுத்து வச்சவள், அவ்வளவுதான்."

உனக்குப் பயிற்சியைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். வகுப்புச் சித்தி என்கிற சிறப்புத் தேர்ச்சி போயிற்று, பட்டமும் பிந்திற்று. நான் நேரத்துக்கே முடித்து, நம்மை அனுப்பிய நிலையத்திலேயே வேலையும் எடுத்தேன். அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன், உன்னைப் போன்ற பிள்ளைகளைத் தோட்டங்களுக்கு அனுப்பிக்கொண்டு. எழுதியதை, அதைச் சொன்ன ஆளுக்கே வாசித்துக் காட்டாமல் ஒரு தாளும் என் மேசைக்கு வரக் கூடாது என்று வைத்திருக்கிறேன். மிஸ் ரொம்பப் பிடிவாதம் என்று பின்னால் சொல்கிறார்களாம், சொல்லட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீட்டுக்குப் போய்த் திரும்பிய அன்று பஸ்ஸில் நீ தூங்கிவிட்டாய். நான் இன்னும் கையெழுத்து வைக்காத அறிக்கை என் மடியில் இருந்தது. நான் வாசித்தேன். 'ஏசியதால்' என்ற இடத்தில் கண் நின்றது. சின்ன வயதிலிருந்து எங்கள் கடைக்குத் தோட்டத்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் பேச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் தாய் ஏச்சைச் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். உன்னை ஒரு தட்டுத் தட்டி எழுப்பியிருந்தால் போதும்.

ஏன் எழுப்பவில்லை? அதற்கு முந்தின வாரம், நான் வாழைக்கு 'ளை' போட்டதை எல்லோருக்கும் முன்னால் வாசித்துக் காட்டி, "உன்ர தமிழ் கடைத் தமிழடி" என்று சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன், உள்ளே பற்றி எரிந்தது. கெட்டிக்காரிதானே, அவளே எழுதட்டும் என்று விட்டேன். ஒரு எழுத்துக்காக விட்டேன். ஒரு பிள்ளையின் வருஷம் அதில் போகும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

போன ஐப்பசியில் உன் தம்பி ஃபோன் எடுத்து, புற்றுநோய் என்றும் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொன்னபோது முதலில் அழுகை வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது, இன்னும் போகவில்லை. பெரட்டிலிருந்து 'ஈக்கி' வரை ஒரு சொல்லையும் விடாமல் துருவியவள் நீ. "நீ வாசிச்சனியோ?" என்று மட்டும் என்னிடம் ஒருநாளும் ஏன் கேட்கவில்லை? தெரியாமலா, தெரிந்துதானா? விரிவுரையாளர் முன்னால் அவ்வளவு சட்டென்று பதில் சொன்னாயே, அது உண்மை என்று நம்பிச் சொன்னதா, என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யா? எத்தனை பெருநாளைக்கு வீட்டுக்கு வந்து உம்மாவின் வட்டிலாப்பத்தை வழித்துத் தின்றுவிட்டுப் போனாய், அப்போதெல்லாம் தொண்டைவரை வந்தது. நீ கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன்.

நீ கேட்காமலே இப்போது சொல்கிறேன். வாசித்தேன்டி. விளங்கித்தான் கையெழுத்து வைத்தேன்.