குழாய் எடுத்த நாள்

தை, செவ்வாய்.
மழை விட்டது. புக்கிட் செலம்பா தோட்டத்திலிருந்து மாட்டு வண்டியில் டவுன் ஆஸ்பத்திரி. வழியில் ஜப்பான்காரன் காவல். இறங்கிக் குனிந்து வணக்கம் வைத்தேன். வேட்டிக்குள் மூத்திரக் குழாய் குத்தியது. மூத்திரம் அடைத்துக்கொண்டபோது தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸர் போட்டுவிட்டது. கைவசம் இருந்த கடைசிக் குழாய். அதிலும் வெடிப்பு. சண்டை வந்தபின் புதிது வரவில்லை. ஆயுசெல்லாம் ரப்பர் மரம் சீவினேன். மூத்திரம் போக ஒரு முழம் ரப்பர் இல்லை!

புதன். நல்ல வெயில்.
டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மூத்திரப்பைக்குக் கீழே ஒரு சுரப்பி. பாக்கு அளவு இருக்க வேண்டியது எலுமிச்சை ஆகிவிட்டதாம். வழியை நெரிக்கிறதாம். அதற்குள்ளேயே ஊசியால் மருந்து விட்டால் சுருங்கலாம். எல்லாருக்கும் சுருங்காது.
"சரிவந்தா சந்தோசம். சரிவராட்டி கத்திதான் ஐயா. உங்கட வயசுக்கு அது எனக்கே பயம்."
எனக்கும்தான்.

வியாழன்.
ஊசி. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினேன். டாக்டர் சிரித்துவிட்டார்.
"கையில இல்லை ஐயா. மல்லாந்து படுத்துக் காலைத் தூக்குங்கோ."
விதைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே. முதலில் மரத்துப்போக ஒரு ஊசி. பிறகு நீள ஊசி. பின்னால் விரல் விட்டு வழி பார்த்தபடியே குத்தினார். எரிச்சல். வெட்கம் அதைவிட. இதை மருமகள் படிக்கக் கூடாது. எழுத்துச் சொல்லித் தந்தவளே அவள்தான்!
பக்கத்துக் கட்டிலில் ஆ செங். பசாரில் காய்கறி விற்கும் சீனர்; கடை முதலாளிகளை நாங்கள் தவுக்கே என்போம். அவருக்கும் இதே ஊசி.
"அண்ணே, நான்தான் மொதல்ல ஒண்ணுக்குப் போவேன் லா!"
"பாக்கலாம் தவுக்கே."

ஞாயிறு.
லேசாகக் காய்ச்சல். மரவள்ளிக் கஞ்சி. சுவரில் ஒரு பலகை. கூட்டிக் கூட்டிப் படித்தேன். எச்-சில் துப்-பா-தீர். படித்தே விட்டேன்! வார்டுக்கே கேட்கும்படி இன்னொரு தரம். பார்க்க வந்த பெண்டாட்டி பாப்பாத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.
"அந்த எடத்துல ஊசி குத்திருக்காங்க, இவருக்குச் சிரிப்பப் பாரு."
அவளுக்கு என்ன தெரியும், படிக்கிற சுகம்.

மாசி, திங்கள்.
காலையில் இருவருக்கும் குழாய் எடுத்தார்கள். இருட்டுவதற்குள் தானாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி குழாய், அப்புறம் கத்தி. தண்ணீர், தண்ணீர், தண்ணீர். கஞ்சி வருவதற்குள் ஆ செங்கின் வாளியில் சத்தம். வார்டே கைதட்டியது. நானும் தட்டினேன். பொறாமையோடு.
மத்தியானம் இரண்டு சொட்டு. வயிறு கல்.
சாயந்திரம் பாப்பாத்தி வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு குவளை தண்ணீரை நீட்டினாள். ஆ செங் இறங்கி வந்தார். என் பக்கத்தில் நின்று, "ஷ்ஷ்ஷ்... ஷ்ஷ்ஷ்..."
"என்னா தவுக்கே இது?"
"எங்க அம்மா சின்னப் புள்ளைக்கு இப்டிதான் செய்யும்."
"எங்க வீட்லயும் அதான்!" என்றாள் பாப்பாத்தி. அவளும் சேர்ந்துகொண்டாள். ஷ்ஷ்ஷ்... இரண்டு பக்கமும். எதிர்க்கட்டில்காரனும். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக் குலுங்கியதில் எங்கோ இளகியது. முதலில் நூல். பிறகு கயிறு.
"போதுங்க, வாளி ரொம்பிருச்சு!" என்று கத்தினாள் பாப்பாத்தி.
நிறுத்த முடியவில்லை. நிறுத்த மனமும் இல்லை.