விரல் வைக்காத படம்

பாப்பா அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கை வலி தேவலையா? என் அம்மா மருந்து சாப்பிட்டேன் என்று சொன்னால் நம்பாதே, மாத்திரை அட்டையை எடுத்துப் பார்.

இங்கே ஒரு பூ என் மண்டையைக் குடைகிறது. லீவு நாளில் ஆற்றோரம் போனேன். சேற்றில் நீலமாக நின்றது. இலை துளசி மாதிரி, காம்பெல்லாம் முள். தொழிற்சாலையில் உடைந்த பாகத்தைப் படம் எடுக்கும்போது, அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் விரல் வைப்போம். அந்தப் பழக்கத்தில் பூவுக்கும் வைத்துவிட்டேன். இது என்ன என்று போனிடம் கேட்டால், “கை” என்கிறது! விரலை எடுத்துவிட்டு எடுத்தால், ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பேர் சொல்கிறது.

பக்கவாட்டில் எடுக்க எட்டினேன், கொஞ்சம் வழுக்கிவிட்டது. பக்கத்து அறை டிரைவர் அண்ணன்தான் இழுத்துவிட்டார். “ஏம்ப்பா, ஒரு களைச்செடிக்காக ஆத்தோட போகப் பாத்தியே!” என்று ஒரே சிரிப்பு. போனது ஒரு செருப்பு மட்டும்தான். பயப்படாதே.

அறைக்கு வந்து பார்த்தால் எனக்கே குழப்பம். விரல் இல்லாத படத்தில் அந்தப் பூ கடுகளவா, கையளவா என்று நேரில் பார்த்த எனக்கே தெரியவில்லை. படத்தை உனக்கும் அனுப்பியிருக்கிறேன், உனக்காவது என்ன பூ என்று தெரிகிறதா?

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள். ஒன்றே ஒன்று. பாப்பா சுவரோரம் தனியாக நிற்கிற படம் அனுப்பியிருந்தாயே, அடுத்த முறை பக்கத்தில் நீயும் நில். அவள் உன் இடுப்புக்கு வந்துவிட்டாளா, தோளுக்கே வந்துவிட்டாளா? எவ்வளவு பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

பாப்பா அப்பா