நான் போகாத கன்னியாகுமரி

2007 ஜூன் 11, திங்கள்

இறால் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெந்துபோயிருக்கிறது. பேனா பிடித்தாலே எரிகிறது. ஆனாலும் இதை எங்காவது கொட்டியாக வேண்டும்.

ஷெட்டிலிருந்து வந்தபோது கதவிடுக்கில் ஒரு பழுப்பு உறை செருகியிருந்தது. நோயல் வேலை பார்த்த அரசுக் கிடங்கின் முத்திரை. வாரிசு வேலை உத்தரவுதான் வந்துவிட்டது என்று கையைக்கூடக் கழுவாமல் பிரித்தேன். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. எடைமேடையில் லாரிக்காரனுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அன்றிலிருந்து நானும் ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடையாய் நடக்கிறேன். இன்று போய் நாளை வா என்கிறார்கள்.

வந்தது உத்தரவு இல்லை, விசாரணை. 2005 ஆகஸ்ட் 12 முதல் 14 வரை சுற்றுலா கூப்பனில் நோயல், மனைவி எல்சி, மகள் கரோலின் மூன்று பேரும் கன்னியாகுமரி விடுதியில் தங்கியதாகப் பதிவாகியிருக்கிறதாம். நிஜமாகவே நாங்கள்தான் போனோமா என்று நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். அதுவரை என் வேலை மனு நிறுத்திவைக்கப்படுகிறது.

கன்னியாகுமரியாம். நான் இந்த ஊரைத் தாண்டியதே வேளாங்கண்ணிக்கு ஒரே ஒரு தடவை.

ஜூன் 12

சுனாமிக்குப் பிறகு கடலோர ஊர்ப் பக்கம் ஜனங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அரசாங்கம் தன் ஆட்களுக்கு இந்தக் கூப்பனைக் கொடுத்தது. ரயிலும் ரூமும் இலவசம், குடும்பத்தோடு போய் அந்த ஊர்க்காரர்களுக்கு வியாபாரம் கொடுங்கள் என்று. கிடங்கில் பாதிப் பேர் அதைத் தரகரிடம் தள்ளிவிட்டார்கள். வாங்கினவன் இவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு போய்வந்தான். நோயலும் தள்ளிவிட்டார், என்னிடம் சொல்லிவிட்டே. "நமக்கு இன்னாத்துக்குடி ஊர் சுத்தறது? வித்துட்டேன், இந்தா" என்று நடுவீட்டில் மிக்ஸியை வைத்தார். எனக்கும் சந்தோஷம்தான், அம்மியில் அரைத்துத் தோள் போயிருந்தது. கடல்தானே, தெருமுனையிலேயே கிடக்கிறதே என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

யூனியன் தேவப்பிரியம் அண்ணன் வந்தார். இந்தக் கடிதம் பதினேழு பேருக்கு வந்திருக்கிறதாம்.

"அல்லாரும் போனோம்னுதான் சொல்லப் போறாங்க. நீயும் போனேன்னு சொல்லிட்டு வந்துடு எல்சி. வித்தான்னு தெரிஞ்சிது, வாரிசு வேலைக்கு நாமந்தான்."

"பொய் சொல்லணுமாண்ணே?"

"ஊரப் பத்தி ரெண்டு கேள்வி கேப்பான். பாடம் பண்ணிக்கோ, அவ்ளோதான்." என் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஜூன் 17, ஞாயிறு

கீழ் வீட்டு சிலுவைமுத்து படகு எஞ்சின் மெக்கானிக், சொந்த ஊர் கன்னியாகுமரிப் பக்கம். நியூஸ் பேப்பர் ஓரத்தில் படம் போட்டே காட்டிவிட்டார். இங்கே ஸ்டேஷன், இங்கே விடுதி, இந்த வெள்ளைக் கோபுரம் மாதா கோயில். "சூரியன் உதிக்கதும் கடல்லதான், விழுகதும் கடல்லதான், கேட்டியளா" என்றார். வண்ண மணல் பாக்கெட், சங்கு மாலை எல்லாம் எங்கே விற்பார்கள் என்றும் சொன்னார்.

"பாறைக்குப் போட்டுல போனோம்னு மட்டும் சொல்லாதீங்க. உள்ள அது எப்படி, இது எப்படின்னு கேட்டா மாட்டிக்கிடுவீங்க. அன்னிக்கு அலை கூடுதல், போட்டு விடல்லைன்னு சொல்லிப்போடுங்க. அத யாரு நெனவு வச்சிருக்கப் போறா?"

கரோலின் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். பதினாலு வயசு மூளை. "ஜாலியா கீதும்மா. நெஜமாவே போய்ட்டு வந்த மாரியே கீது" என்றாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற பெண்ணுக்கு ஊரைக் காட்டத் துப்பில்லை, பொய்யைக் கற்றுக்கொடுக்கிறேன்.

ஜூன் 24, ஞாயிறு

பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர். இன்னும் செய்யாத பாவத்தை எப்படிச் சொல்வது? செய்யப் போகிறேன், மன்னித்துவிடுங்கள் சாமி என்றா? வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

செத்தவர் செய்த தப்பு. உட்கார்ந்து பதில் சொல்வது நான். கோபப்படக்கூட ஆள் இல்லை.

ஜூன் 30

வண்ண மணல், சங்கு மாலை, மாதா கோயில் என்று உரிக்கும்போதே முணுமுணுத்திருக்கிறேன். பக்கத்தில் உட்காரும் அஜீசா, "எல்சிக்கா ஜபம் பண்ணிக்கினு கீது, யாரும் பேச்சு குடுக்காதீங்க" என்று எல்லோரையும் அடக்கிவிட்டாள்.

ஜூலை 3, செவ்வாய்

முடிந்தது. எழுதிவிடுகிறேன்.

விசாரணை அதிகாரி சின்ன வயசு. உட்காருங்கம்மா என்று மரியாதையாகத்தான் சொன்னார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். சூரியன், மணல், மாதா கோயில், எல்லாம் ஒப்பித்தேன். பாறைக்குப் போனீர்களா என்றார். அன்றைக்கு அலை அதிகம் சார், போட்டு விடவில்லை என்றேன். எழுதிக்கொண்டார். அப்பாடா என்றிருந்தது.

பிறகு விடுதிப் பதிவேட்டின் நகலை என் பக்கம் திருப்பி வைத்தார். "இது உங்க வீட்டுக்காரர் கையெழுத்துதானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

எவனோ ஒருத்தனுடைய கிறுக்கல் இருக்கும், ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று தயாராகத்தான் குனிந்தேன்.

அவர் கையெழுத்து.

கடைசி எழுத்தைக் கீழே இழுத்து, அடியில் இரண்டு கோடு, கோட்டுக்கு அடியில் ஒரு புள்ளி. கல்யாணப் பதிவேட்டில், ரேஷன் கார்டில், கரோலின் ரேங்க் கார்டில் எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். மேலே எங்கள் வீட்டு முகவரி, அதே உருண்டை எழுத்தில். எவனும் இப்படி எழுதிக் காட்ட முடியாது. அவர் கூப்பனை விற்கவில்லை. போயிருக்கிறார். மூன்று பேராகப் போயிருக்கிறார்.

"ஒரே ஒரு சந்தேகம்மா" என்றார் அதிகாரி. "உங்க பொண்ணுக்கு அப்பவே பன்னெண்டு வயசு. தினமும் ராத்திரி, குழந்தைக்குப் பால்னு எழுதி ரூமுக்கு வாங்கியிருக்காரே?"

தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கரோலின் பள்ளிக்கூடம், வெந்த விரல்கள், எட்டு மாத நடை எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. இல்லை சார், அது நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கொஞ்சம் ஆறியிருக்கும். வேலையும் அதோடு போயிருக்கும்.

"என் பொண்ணு இப்பவும் பால் குடிக்காம தூங்க மாட்டா சார்" என்றேன்.

அவர் சிரித்தார். "என் பொண்ணும் அப்படித்தாம்மா." காகிதத்தை நீட்டினார். மேற்படி நாட்களில் கணவருடன் தங்கியது நான்தான் என்று கையெழுத்துப் போட்டேன். என் குரல் நடுங்கவே இல்லை. அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

ஜூலை 4

ஷெட்டுக்குப் போகவில்லை.

ஜூலை 5

அந்த மூன்று நாள் அவர் எங்கே இருந்தார் என்று யோசித்துப் பார்த்தேன். தூத்துக்குடிக் கிடங்கில் எடைமேடை பழுது, டியூட்டி போட்டுவிட்டார்கள் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். திரும்பும்போது தூத்துக்குடி மக்ரூன் வாங்கிவந்தார். நான் கரோலினுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்து ஒரு வாரம் தின்றேன். வந்த அன்றே பதினைந்தாம் தேதி, மாதா திருநாள். பூசையில் என் பக்கத்தில் முட்டிபோட்டு நன்மை அப்பம் வாங்கினாரே... எப்படிய்யா வாங்கின? யாருய்யா அவ? எந்த நேரத்துல நான் உனக்கு வேணாதவளா பூட்டேன்?

கேட்க வேண்டிய ஆள் குழியில் கிடக்கிறார்.

ஜூலை 8, ஞாயிறு

தேவப்பிரியம் அண்ணன் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டேன். முதலில் மழுப்பினார். விசாரணையில் பாலைப் பற்றிக் கேட்டதைச் சொன்னதும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"சிவந்தி. நம்ம கேட்டாண்ட டீ விக்குதே, அதான். புருசன் வுட்டுட்டுப் பூட்டான், கைக்கொழந்தையோட நின்னுக்கினு இருந்துச்சி. நோயலு அதுக்கு அப்பாலதான் பழகுனான். ரெண்டு மூணு வருசம் இருக்கும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கெடங்குல அல்லாருக்கும் தெரியும். உங்கையில எவன் வந்து சொல்லுவான் எல்சி? அதனாலதான் போனேன்னு சொல்லிடுன்னேன். நீ கையெழுத்தப் பாப்பேன்னு தோணல."

நோயலைத் தூக்கின அன்றைக்கு, வந்த சனத்துக்கெல்லாம் கேனில் டீ கொண்டுவந்து ஊற்றியவள் அவள்தான். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. கிடங்குக் கேட்டில் கடை போட்டிருப்பவள், பாசம் என்று நினைத்துக்கொண்டேன். நீ கொஞ்சம் குடிக்கா என்று டம்ளரை என் வாயில் வைத்தாள். குடித்தேன். நல்லா இரும்மா என்றும் சொன்னேன்.

ஜூலை 15

"மிக்ஸி ரிப்பேராம்மா?" என்கிறாள் கரோலின். ஒரு வாரமாக அம்மியில்தான் அரைக்கிறேன். ஆமாம் என்றேன். அவள் பிளக்கைச் சொருகி ஓட்டிக் காட்டினாள். "நல்லாத்தானே கீது!" மிக்ஸி என்ன செய்யும் பாவம். நாளையிலிருந்து அதிலேயே அரைக்க வேண்டியதுதான், தோள் தாங்கவில்லை.

அந்தக் கிடங்கில் மற்ற ஆம்பிளைகள் எல்லாம் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு அரசாங்கத்தை ஏய்த்தார்கள். என் ஆள் அரசாங்கத்துக்கு ஒழுங்காக ஊருக்குப் போய்விட்டு, வீட்டில் திருட்டுக் கணக்கு சொன்னார். அவளுக்குக் கடலைக் காட்டியிருக்கிறார். எனக்கு, கடலில் என்னடி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 4

உத்தரவு இன்னும் வரவில்லை. விரலுக்கு மஞ்சளும் எண்ணெயும்.

நவம்பர் 2, வெள்ளி

கல்லறைத் திருநாள். கரோலினுக்குப் பரீட்சை, நான் மட்டும் பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு காசிமேடு கல்லறைக்குப் போனேன். நோயல் குழியின் மேல் ஏற்கெனவே ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. சிவந்தியும், ஆறு வயதுப் பெண் ஒன்றும். என்னைப் பார்த்ததும் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

நில்லு என்றேன். நின்றாள்.

என்னென்னவோ கேட்க வேண்டும் என்று நாலு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தேன். பளாரென்று ஒன்று விட வேண்டும் என்றுகூட. அவள் சேலைக் கிழிசலைப் பார்த்ததும் கை எழவில்லை. அவளும் விடிந்து அடைந்தால் அடுப்படியில்தான் வேகிறாள்.

"அக்கா, நான் எதுவும் கேட்டுக்கினு வரமாட்டேன். இத மட்டும் வச்சிட்டுப் பூட்றேன்" என்றாள்.

"கன்னியாகுமரில போட்டு ஓடிச்சா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஓடிச்சிக்கா. மாயா நல்லா வாந்தி எடுத்துச்சி. அவருதான் தூக்கி வச்சிக்கினு..."

அலை அதிகம், போட்டு விடவில்லை என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதுவும் தப்பு.

அந்தப் பெண் குழந்தையின் முகத்தில் அவரைத் தேடினேன். மூக்கு, காது, நெற்றி எதுவும் இல்லை. இல்லையென்றதும் நிம்மதி வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அவர்கள் போன பிறகு என் வத்தியை அந்தப் பக்கம் ஏற்றிவைத்துவிட்டு வந்தேன். காற்றில் இரண்டும் அணைந்துதான் போயிருக்கும்.

டிசம்பர் 10, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். கிடங்கில் சீட்டுகளை அடுக்கி வைக்கும் வேலை. விரல்களுக்கு விடுதலை.

பதினோரு மணிக்கு எல்லோரும் கேட்டுக்கு டீ குடிக்கப் போனார்கள். நானும் போனேன். நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்க்கிறார்கள், தேவப்பிரியம் அண்ணன் உட்பட. எல்லாம் தெரிந்த ஜனங்கள். ஒரு டீ, சர்க்கரை கம்மியா என்றேன். கொடுத்தாள். சூடாக இருந்தது. குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

2008 மார்ச் 5, புதன்

இந்த வருஷமும் கூப்பன் வந்திருக்கிறது. இப்போது நானும் அரசு ஊழியை, எனக்கும் ஒன்று. வாசலில் தரகர் காலையிலிருந்தே நிற்கிறார். "எல்சிம்மா, உன்னுதுக்கு நல்ல வெல தர்றேன்" என்கிறார்.

படிவத்தில் போக விரும்பும் ஊர் என்ற இடத்தில் கன்னியாகுமரி என்று எழுதினேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஒரு தடவை அந்தக் கடலைக் கண்ணால் பார்த்துவிட்டால் இந்த எரிச்சல் அடங்கும், அவ்வளவுதான். அந்தப் போட்டில் ஏற வேண்டும். கரோலினை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளார்க் படித்துப் பார்த்துச் சிரித்தார். "நீங்கதான் அங்க போய்ட்டு வந்துட்டீங்களேம்மா! ஒரு தடவ போன ஊருக்கு மறுபடியும் கூப்பன் கெடையாது. ஃபைல்ல உங்க கையெழுத்தே கீதே."

என் கையெழுத்தேதான்.

"ஆமா சார், மறந்துட்டேன். போய்ட்டு வந்துட்டேன்" என்றேன்.

கன்னியாகுமரியை அடித்தேன். பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்து, பெயரைத் தவிர ஒன்றும் தெரியாத ஒரு ஊரை எழுதினேன், தரங்கம்பாடி. வெளியே தரகர் கையை நீட்டினார். நான் கூப்பனைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து கரோலினிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நெஜமாவே போறமா?"

"நெஜமாத்தான். சனிக்கெழம."

"அங்க இன்னாம்மா கீது?"

"தெர்லடி. போய்த்தான் பாக்கணும்."