உயிரோடிருப்பவருக்கு ஒரு மலர்வளையம்

தெஹியோவிட்ட,
டிசம்பர் 5.

அன்புள்ள நிருஷா அப்பாவுக்கு,

மாதாவின் கிருபையால் இங்கே அனைவரும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் உயிரோடுதான் இருக்கிறீர்கள் என்று நேற்று லயம் லயமாக, வீடு வீடாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. போனில் சொன்னால் பாதியில் லைன் கிளியர் இல்லை என்பீர்கள். கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது. கடைக்காரப் பளீல் நானாவின் மகன் ஹில்மி லீவு முடிந்து உங்கள் கட்டாருக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அவிசாவளையில் நம் மகள் நிருஷா வேலை செய்யும் கடையில் பாலன் பிறக்கும் நத்தாருக்குக் கதவில் மாட்டும் பச்சை வளையம் ஒன்று கொடுத்தார்களாம். பிளாஸ்டிக் இலை, சிவப்பு ரிப்பன். நானும் துரை பங்களா என்ற நினைப்பில் விடியுமுன் அதை வாசல் கதவில் மாட்டிவிட்டுப் ரப்பர் பால் வெட்டப் போய்விட்டேன். நம் தோட்டத்தில் மலர்வளையம் என்றால் பிணப்பெட்டி மேல் வைப்பது ஒன்றுதானே? அந்தப் பக்கமாய்ப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். நம் வீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆள் நீங்கள் ஒருவர்தான். நானும் இல்லாததால், உடலை எடுக்கக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஓடிவிட்டேன் என்றும் முடிவுகட்டிவிட்டார்கள்.

பால் வாளியோடு வந்தால் பாதை நெடுகச் சாவு வீட்டு வெள்ளைக் கொடி. மரணச் சங்கத்து இராயப்பன் அண்ணன் நாற்காலி இறக்குகிறார். பக்கத்து வீட்டுத் துஷ்யந்தி சீனியும் தேயிலையுமாக நிற்கிறாள். மரியம்மா அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறார். செத்தது யாரென்று கேட்கும் புத்திகூட இல்லாமல் நானும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு நன்றாக அழுதேன். மூக்கைச் சிந்திய பிறகுதான் யாரு செத்தது அக்கா என்று கேட்டேன்.

"உன் புருஷன்தானேடி" என்றார்.

அந்த ஒரு நிமிஷத்தை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குப் போன் எடுத்தேன். நீங்கள் ஹலோ சொல்லி, வேலையில் இருக்கிறேன் என்று வெட்டினீர்கள். அந்த ஒரு ஹலோ போதுமாயிருந்தது. மரியம்மா அக்காவுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

"கழட்டு அதை. உசுரோட இருந்தும் மூணு நத்தாருக்கு வராத மனுசனுக்கு இது என்னாத்துக்குடி?"

 எனக்கு எங்கிருந்து பதில் வந்ததோ தெரியாது.

"பெட்டி மேல வச்சா போனவங்களுக்கு, அக்கா. கதவுல மாட்டினா வர்றவங்களுக்கு. இது கதவுலதான் இருக்கு."

கொடிகளை நானே பிடுங்கினேன். வந்தவர்களைச் சும்மா அனுப்பாமல் துஷ்யந்தியின் தேயிலையில் எல்லோருக்கும் பிளேன்டி ஊற்றினேன்.

ஹில்மி வாய் தவறி ஒன்று சொன்னான். லீவு கிடைத்தும் நீங்கள்தான் வேண்டாமென்றீர்களாம். வீடு கட்டும் அளவுக்குச் சேரவில்லை, எந்த முகத்தோடு போவது என்றீர்களாம். இருக்கிற முகத்தோடு வாருங்கள். புது முகம் கேட்கிற அளவுக்கு நானும் ரதியில்லை.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து அவிசாவளையில் நம் பஸ்ஸில் ஏற்றிவிடட்டும். நத்தார் போனாலும், ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் வந்தாலும் வளையம் கதவில்தான் இருக்கும். அதைக் கழற்ற உங்கள் கைதான் வரவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நிமிஷம் விதவையாக இருந்து பார்த்து, அது ஒத்துவராத
உங்கள் ரெஜினா