இஸ்திரிக்காரர் அழுத கதை

மார்ச் 3, செவ்வாய்
இன்று மலைபோல் துணி. ஆயிரம் உருப்படி துவைத்துத் தள்ளினேன். ஆயிரம் என்றால், எப்படியும் முந்நூறு இருக்கும். லாண்டரியில் நானும் இஸ்திரிக்காரரும் மட்டும்தான். நான் மெஷின், அவர் இஸ்திரி. மதியம் ஒரே மேஜையில் சாப்பாடு. நான் ஜெபம் முடித்துக் கண்ணைத் திறந்தால் அவர் டப்பா காலி!

"அண்ணே, உங்க ஜெபம் கூட்ஸ் வண்டி. கடைசிப் பெட்டி வர்றதுக்குள்ள ஒருத்தன் செத்துடுவான்."

மனைவி இறந்த இந்த நாலு வருடத்தில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடும் ஒரே ஆள் அவர்.

மார்ச் 5, வியாழன்
வீட்டில் சத்தமாக வேதம் வாசித்தேன். இந்நேரம் சுவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

மார்ச் 8, ஞாயிறு
சபையில் போதகர் சொன்னார்: "தெரியாதவங்ககிட்ட துண்டுப்பிரதியை நீட்டிட்டு ஓடாதீங்க. கூட வேலை செய்யறவங்ககிட்ட பழகி, அன்பா ஆண்டவரைச் சொல்லுங்க. அப்படி நடந்ததை எழுந்து சொல்ல யாருக்காவது சாட்சி இருக்கா?"

ஒருவரும் எழவில்லை. என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டது? எழுந்தேன். நான் சொன்னதைக் கேட்டு இஸ்திரிக்காரர் முழங்காலில் விழுந்து அழுதார் என்றேன். இஸ்திரிப் பெட்டியை அப்படியே விட்டதில் ஒரு வெள்ளைச் சட்டை கருகிவிட்டது என்றும் சேர்த்தேன். அந்தச் சட்டைதான் எல்லோரையும் நம்பவைத்தது. அல்லேலூயா கூரையைத் தூக்கியது! எட்டுப் பேர் கைகுலுக்கினார்கள். "மாமா, அசத்திட்டீங்க!" என்றாள் போதகரின் மகள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். சொல்ல ஆளில்லை.

மார்ச் 10, செவ்வாய்
அந்த எட்டுப் பேரும் கடைக்கே வந்துவிட்டார்கள். புது வேதாகமம், பாட்டு, வாழ்த்து. இஸ்திரிக்காரர் பெட்டியைப் பிடித்தபடி நின்றார்.

"நான் எப்பங்க அழுதேன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சோப்புத்தூளைப் பார்த்தேன். அவர்கள் போன பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "பதினோரு வருஷத்துல ஒரு சட்டையை நான் கருக்கினதில்லைண்ணே. அதையாவது விட்டு வெச்சிருக்கலாம்."

மார்ச் 11, புதன்
மதியம் டப்பாவோடு பின்வாசல் படிக்குப் போய்விட்டார். நான் ஜெபிக்கவில்லை. யார் பார்க்கக் கண்ணை மூடுவது?

என்ன எழுதிவிட்டேன்! அப்படியானால் இத்தனை நாள் யாருக்காக மூடினேன்?

மார்ச் 13, வெள்ளி
"சோப்பு தீர்ந்துடுச்சு" என்றேன். "ம்" என்றார். இன்று முழுக்கப் பேசியது அவ்வளவுதான்.

மார்ச் 14, சனி
"மன்னிச்சுக்கோ தம்பி."

"என்கிட்ட தனியா சொல்லி என்ன பிரயோஜனம்? என்னை அழவெச்சது அங்கதானே?"

மார்ச் 15, ஞாயிறு
சாட்சி நேரத்தில் எழுந்தேன். ஆயிரம் பேர் பார்த்தார்கள் — இல்லை, ஐம்பது. "அவர் அழலை. முழங்கால்ல விழலை. சட்டை கருகலை. நான் சொன்னது பொய்." அவ்வளவுதான் சொன்னேன். யாரும் கைகுலுக்கவில்லை. போதகர் மட்டும் வாசல்வரை வந்தார். நாளைக்குத் தானும் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார்.

மார்ச் 17, செவ்வாய்
இருநூற்றுப் பன்னிரண்டு உருப்படி. எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

மதியம் அவர் டப்பா மறுபடியும் மேஜைமேல் இருந்தது.

"நேத்து ராத்திரி போதகர் வீட்டுக்கு வந்து சொன்னாரு. எல்லார் முன்னாடியும் நீங்களே பொய்னு ஒத்துக்கிட்டீங்களாமே. எப்பவும் சமாளிச்சிடுவீங்களே, என்ன ஆச்சு?"

"அவர் முன்னால முடியலை தம்பி."

"யாரு, போதகரா?"

"இல்லை."

அவர் ஒருமுறை மேலே அண்ணாந்து பார்த்தார். "உங்க வாயிலேருந்தே உண்மையை வரவெச்சுட்டாரா? அப்ப பெரிய ஆளுதான்ணே." பிறகு, "சரி, ஜெபம் பண்ணுங்க. சின்னதா."

சின்னதாகத்தான் செய்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் டப்பாவை இன்னும் திறக்கவில்லை.

இதைச் சபையில் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவரைத் திரும்பவும் முழங்காலில் விழவைத்துவிடுவேன்.